நாய்க்கு ஆறடி வேலி

வேலி போடலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். எதற்காக என்று கேட்டபோது சொன்ன காரணம்தான் பொய்.

2023 ஏப்ரலில் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு இருப்பது அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில், எடிசனுக்குப் பக்கத்தில். எடிசன் எப்படிப்பட்ட ஊர் என்றால், தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தோசைக் கடை வாசலில்தான் விழ வேண்டும். அப்பாவோ காங்கேயம் பக்கத்துக் கிராமத்து ஆசாமி. 74 வயது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ''ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க மாமா'' என்று என் வீட்டுக்காரி போனில் அழாத குறையாகச் சொல்லி வரவழைத்தாள்.

வந்த முதல் நாள் காலை, காபி டம்ளரோடு பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

''ஏன்டா கண்ணு, இதுல நம்முது எது, அவிங்குளுது எது?''

நியாயமான கேள்விதான். இங்கே நிறைய வீடுகளுக்குப் பின்பக்கம் காம்பவுண்டு கிடையாது. எங்கள் வீட்டுப் புல் பக்கத்து வீட்டுப் புல்லோடு கலந்து, அது அதற்கடுத்த வீட்டுப் புல்லோடு கலந்து, தெரு முழுக்க ஒரே பச்சைக் கம்பளம். எல்லை என்பது சர்வே வரைபடத்தில் ஒரு கோடு. தரையில் தேடினால் மூலைக்கு மூலை மண்ணுக்குள் ஓர் இரும்புக் கம்பி புதைந்திருக்கும். அவ்வளவுதான். 'அங்கே ஒரு மரம் இருக்கிறதல்லவா... ஏறத்தாழ அதுவரை நம்முடையது' என்று காட்டினேன்.

''ஏறத்தாழவா?'' என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையில் என் எம்.சி.ஏ. பட்டம், கிரீன் கார்டு எல்லாம் காற்றில் போயிற்று.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மானாவாரி மேய்ச்சல் நிலம். கொளுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பொழுது சாய்கிறவரை திரும்பிப் பார்க்க வேண்டாம். காவலுக்கு வேலிதான் ஆள். கிளுவைப் போத்தை வெட்டி வரிசையாக நட்டுவிட்டால் மழைக்குத் துளிர்த்து, முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு, பேரன் காலம் வரை நிற்கும். அதற்கு உசுர் வேலி என்று பெயர். அதற்குள்ளேயே வளர்ந்த மனுஷரிடம் போய் 'ஏறத்தாழ' என்றால்?

நிற்க. என் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் காலைச் செயல்முறைத் திட்டம் இது: ஐந்தரைக்கு எழுந்து பின்பக்கம் போவார். பற்பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் பல் தேய்ப்பார். பிறகு தொண்டையைக் கொப்பளிப்பார். அந்தச் சத்தம் இருக்கிறதே, ஊரில் இருக்கும்போது அது என் அலாரம். நியூஜெர்சியின் நிசப்தத்தில் அது ஆம்புலன்ஸ். இதுவரைகூடப் பரவாயில்லை. மே மாதம் வெயில் வந்ததும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயை இழுத்துப் போட்டு, இடுப்பில் ஈரிழைத் துண்டோடு, புல்வெளி நடுவில் நின்று குளிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குள் இரண்டு பாத்ரூம் இருக்கின்றன. ''அது பொட்டிக்குள்ள நின்னு குளிக்கறாப்பல இருக்குதுடா. வானத்தப் பாத்துக் குளிச்சாத்தான் குளிச்சாப்பல இருக்கும்'' என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். மேனேஜரும் வந்திருந்தார். அப்பா அன்று காலையிலிருந்து தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர், சாப்பிடுவதற்கு முன் ஒரு குளியல் போடலாம் என்று தீர்மானித்துவிட்டார். ஹாலில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, அமெரிக்கச் சூரிய வெளிச்சத்தில், துண்டோடு என் தகப்பனார். தலைக்கு மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஆனந்தமாக நிற்கிறார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் எழுந்து போய், வெயில் அடிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்து விட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: ''பின்னால ஒரு வேலி போட்டுரலாம்னு பாக்கறேனுங்கப்பா. பக்கத்து வீட்டு நாய் வந்து வந்து போகுது.''

வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு அந்த நாயைத் தெரியும். பதின்மூன்று வயசு. எழுந்து நிற்பதற்கே அது இரண்டு தடவை யோசிக்கும். எங்கள் புல்லில் வந்து படுக்கும், அவ்வளவுதான்.

அப்பா மோரைக் குடித்துவிட்டு, ''அந்த நாய்க்கா ஆறடி வேலி?'' என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

இங்கே வேலி போடும் கம்பெனிக்காரர் ஒருவரை அழைத்தேன். வந்தார், அளந்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும் 64 அடி, ஆறடி உயரம், வினைல் வேலி. 4,200 டாலர் ஆகும் என்று சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை மனசுக்குள்ளேயே ரூபாயாக்கினார். அப்போது டாலர் 82 ரூபாய் சில்லறை.

''மூணு லட்சத்து நாப்பதாயிரமா? அந்தக் காசுக்கு ஊருல ரெண்டு சோடி மாடு வாங்கலாம். நான் ஒருத்தன் இருக்கறப்ப வேலிக்குக் கூலி ஆளா? சாமானத்த மட்டும் வாங்கிப் போடு. நானும் நீயும் போட்டுரலாம்.''

அவரை மறைக்கப் போகிற வேலிக்கு அவரே மேஸ்திரி ஆகிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் 2,500 டாலர் மிச்சம் என்று மூளையின் இன்னொரு ஓரம் கணக்குப் போட்டதையும் மறைப்பதற்கில்லை.

வினைல் வேலி என்றதும் என்னமோ ஏதோ என்று நினைக்காதீர்கள். சாட்சாத் நம் பி.வி.சி.தான். ஐந்து அங்குலச் சதுரக் குழாய் ஒன்று கால். இரண்டு காலுக்கு நடுவே மேலும் கீழும் குறுக்குக் குழல். அந்த இரண்டுக்கும் இடையில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பலகைகள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஈ எறும்புகூடத் தெரியாது. பெயின்ட் வேண்டாம், கரையான் வராது, உளுக்காது. கடையிலிருந்து வந்து இறங்கியதும் அப்பா ஒரு பலகையைச் சுண்டிப் பார்த்தார். 'டொக்' என்றது.

''போர் பைப்பச் சப்பையா அடிச்சு வித்துப்போட்டான்டா!''

ஆனால் பணம் கட்டினோம், குழி தோண்டினோம் என்று இங்கே ஆரம்பித்துவிட முடியாது. முதலில் டவுன் ஆபீஸில் சர்வே வரைபடத்தைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பிறகு 811 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். இது நம் ஊருக்கும் வந்தால் தேவலை. 'இன்ன இடத்தில் மண் தோண்டப் போகிறேன்' என்று மூன்று வேலைநாள் முன்னதாகச் சொன்னால் போதும். கரண்ட்காரர், கேஸ்காரர், தண்ணீர்க்காரர், கேபிள்காரர் எல்லோரும் ஆள் அனுப்பி, தங்கள் குழாய் எங்கே ஓடுகிறது என்று தரையில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். காசு கிடையாது. கரண்டுக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், குடிதண்ணீருக்கு நீலம், போன்-கேபிளுக்கு ஆரஞ்சு, சாக்கடைக்குப் பச்சை. தேசம் முழுக்க ஒரே நிறம், ஒரே நம்பர். அதைச் செய்யாமல் தோண்டிக் குழாயை உடைத்தால் தண்டம் நாம்தான் அழ வேண்டும்.

''மார்கழி மாசம் கோலம் போட்டாப்பல போட்டிருக்கறானுவ'' என்றார் அப்பா. எங்கள் வரிசையில் மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சுக் கோடு ஓடியது. குறியிலிருந்து 2 அடிக்குள் மெஷின் வைக்கக்கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும் என்பது இங்கே சட்டம்.

இதற்கிடையில் மரியாதைக்காகப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். எப்போதும் தலையில் ஒரு பேஸ்பால் தொப்பி இருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தொப்பிக்காரர். மனைவி இல்லை. நாய்தான் துணை. ''வேலியா, ஏன்?'' என்று அவரும் கேட்டார். வீட்டில் சொன்ன பொய்யை அங்கே மாற்றிச் சொன்னால் குழப்பம் வரும் என்று, ''நாய்...'' என்று இழுத்தேன். அவர் முகம் சுருங்கியது. ''ஸாரி, எனக்குத் தெரியாது'' என்றார். நான் நழுவி வந்துவிட்டேன்.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை இங்கே லீவு. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. கடப்பாரைக்கு எங்கே போவது என்று அப்பா கவலைப்பட, ஹோம் டிப்போவுக்கு அழைத்துப் போனேன். அங்கே சுவரில் சாய்த்து வைத்திருந்தான் பாருங்கள், ஆறடிக் கடப்பாரை! இங்கிலீஷில் என்னவோ பெயர் எழுதி, விலை ஒட்டியிருந்தது. அப்பா அதைத் தூக்கிக் கையில் ஒரு சுழற்றுச் சுழற்றி, எடை பார்த்து, கடை நடுவில் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். பெருமாள் கோயிலில் சொந்தக்காரரைப் பார்த்த முகம்.

கயிறு கட்டும்போது முதல் சண்டை வந்தது. நான் எல்லைக் கம்பிக்குக் கம்பி நேராக நூல் பிடித்தேன். அப்பா அதை அவிழ்த்து, அரை அடி எங்கள் பக்கம் தள்ளிக் கட்டினார்.

''அப்பா, டவுன்லயே கோட்டு மேல போட்டுக்கலாம்னு சொல்லீட்டாங்க. எதுக்கு அரை அடியை விடறீங்க?''

''உடறதுன்னா உடு.''

64 அடிக்கு அரை அடி என்றால் 32 சதுர அடி. எடிசன் பக்கத்தில் 32 சதுர அடி என்ன விலை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பெரியப்பா விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். 1987-ல் மழைக்கு முன்னால் அப்பா நட்ட கிளுவை வேலி, ஒரு முழம் தன் காட்டுக்குள் வந்துவிட்டது என்று பெரியப்பா கோர்ட்டுக்குப் போனார். பதினோரு வருஷம் நடந்தது. இரண்டு பக்கமும் வக்கீலுக்குக் கொடுத்த காசில் அதைப்போல நாலு காடு வாங்கியிருக்கலாம். யார் ஜெயித்தார்கள் என்பதைக்கூட எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

இனிக் குழி. இங்கே ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. நம் ஊரில் வேலிக் காலுக்கு ஒன்றரை அடி, இரண்டு அடி தோண்டினால் ஏதேஷ்டம். இங்கே 3 அடி தோண்டியாக வேண்டும். காரணம் காற்று இல்லை, குளிர். ஜனவரியில் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைந்து பனிக்கட்டியாகும். உறைந்தால் தண்ணீர் பருக்கும். அதோடு விடாமல் கீழே இருந்தும் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பனிக்கட்டி வளரும். வளர்ந்து, அதில் மாட்டியிருக்கிற காலைக் கான்கிரீட்டோடு சேர்த்து மேலே தள்ளும். பல் பிடுங்குகிற மாதிரி, ஒரு குளிர்காலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. எந்த ஆழத்துக்குக் குளிர் இறங்குமோ அதற்குக் கீழே காலின் அடி இருந்தால் தப்பிக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த ஆழம் 3 அடி.

நான் சாமர்த்தியமாகத் துளை போடும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன். மேலே என்ஜின், கீழே திருகாணி மாதிரி ஓர் இரும்பு. முதல் குழியில் ஒன்றரை அடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிறகு பாறை தட்டியது. திருகாணி நின்றுவிட்டது. ஆனால் என்ஜின் நிற்கவில்லை. திருகாணி சுற்றாவிட்டால் அதைப் பிடித்திருக்கிறவன் சுற்ற வேண்டும் என்பது இயற்பியல். கைப்பிடியோடு அரை வட்டம் பறந்து போய் ரோஜாச் செடியில் விழுந்தேன்.

அப்பா சிரித்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இடுப்புவலி கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தோம். இந்தப் பகுதி மண் சிவப்பு. அடியில் ஏடு ஏடாகப் பெயரும் செம்பாறை. அப்பா ஒரு கை அள்ளிப் பார்த்து, ''நம்மூரு செம்மண்ணாட்டவே இருக்குதுடா'' என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையை ஓங்கிப் போடாமல், தூக்கித் தூக்கி அதன் எடையிலேயே விழ விட்டார். பாறை ஏடு ஏடாகப் பெயர்ந்தது. நான் பத்து நிமிஷத்தில் கையில் கொப்புளம் வரவழைத்துக்கொண்டு மண் அள்ளும் உத்தியோகத்துக்கு இறங்கினேன். பதினெட்டு வருஷமாகக் கீபோர்டு தட்டிய கை. என்ன செய்வது?

மூன்றாவது குழி தோண்டும்போது தொப்பிக்காரர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். பத்து நிமிஷம் பார்த்தார். உள்ளே போய், கத்தரிக்கோல் மாதிரி இரட்டைப் பிடி வைத்த மண்வாரியும் கையுறையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவுக்கு எதிரே நின்றுகொண்டார். அப்பா குத்துவார், இவர் வாருவார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. வேலை என்னவோ என்னோடு செய்ததைவிட இரண்டு மடங்கு வேகமாக நடந்தது.

நடுவில் அப்பா நிமிர்ந்து கேட்டார்: ''கண்ணு, அந்த நாய எதுக்குக் கட்டிப் போட்டிருக்கறாருன்னு கேளு. பத்து நாளாப் பாக்கறேன். முன்னெல்லாம் இங்க வந்து என்ர காலடியிலதான் படுத்துக்கும்.''

அப்போதுதான் நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் வீட்டுப் படிக்கட்டுக் கம்பத்தில் சங்கிலியால் கட்டியிருந்தது நாய். ஆபீஸ் விட்டு இருட்டிய பிறகு வருகிறவனுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப் போகிறது?

திருதிருவென்று விழித்தேன். மொழிபெயர்ப்பாளன் என்கிற முறையில் என் கடமையிலிருந்து தவறி, ''அப்பா... நாளைக்கு மழை வருமான்னு கேக்கறார்'' என்று இங்கிலீஷில் தொப்பிக்காரரிடம் சொன்னேன். ஆனால் அப்பாவின் விரல் நாயைத்தானே காட்டிக்கொண்டிருந்தது? அவர் நாயைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். பிறகு கயிற்றைக் காட்டினார். கடைசியில் தன் நெஞ்சில் கையை வைத்து, அப்பாவைப் பார்த்துத் தலை குனிந்தார். சைகைக்கு எவன் மொழிபெயர்க்க வேண்டும்?

அப்பா கடப்பாரையை மண்ணில் ஊன்றினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

''அவருகிட்டச் சொல்லு, நாய் ஒண்ணும் பண்ணலைன்னு.''

''செரிங்கப்பா.''

''வேலி எனக்கோசரம்னு சொல்லு.''

நான் பேசவில்லை.

''அன்னைக்கு உன்ர ஆபீஸ்காரங்க வந்தப்ப ஜன்னல் துணிய இழுத்து உட்டியே, அப்பவே தெரியும்டா. நேராச் சொல்லியிருந்தா உள்ளாற குளிச்சுட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு அந்த வாயில்லாச் சீவனச் சங்கிலியில போடோணும்?''

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மண் ஈரமாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, மறுபடி கடப்பாரையைத் தூக்கிக் குழியில் விட்டார்.

தொப்பிக்காரரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், குழாய்க் குளியல், ஜன்னல் திரை, நாய் மேல் போட்ட பழி. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். ''உன் அப்பா ஆறு மணிக்கு வெளியே வருவார். நானும் அப்போதுதான் காபியோடு உட்காருவேன். நாங்கள் கை காட்டிக்கொள்வோம்'' என்றார். அவ்வளவுதான். பிறகு போய்ச் சங்கிலியை அவிழ்த்து விட்டார். நாய் இரண்டு தடவை யோசித்து எழுந்து, எங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்து, தோண்டிப் போட்ட ஈரமண்ணில் பெருமூச்சோடு படுத்தது.

''விட்டுரலாமுங்கப்பா, வேலி வேண்டாம்'' என்றேன்.

''காசு போட்டு வாங்கியாச்சு. மூணு குழி வெட்டியாச்சு. பாதியில உட்டா ஊரு சிரிக்கும்.'' ஊர் என்று பார்த்தால் அங்கே இருந்தது தொப்பிக்காரரும் நாயும்தான். ''ஆனா கடைசித் தட்டி வேண்டாம். அந்த மூலையில ஒரு கடவு உட்டுரு.''

கடவு என்றால் வேலியில் ஆள் போய் வர விடுகிற இடைவெளி. ''வேலின்னு போட்டுட்டு எதுக்குங்கப்பா கடவு?''

அப்பா குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ''கிளுவை வெச்சப்ப வீம்புக்குக் கடவு உடாம அடைச்சுப்போட்டேன். உங்க பெரியப்பன் செத்த அன்னைக்கு அழுகற சத்தம் வேலிக்கு அந்தப்பக்கம் கேக்குது. நான் வேலியச் சுத்திக்கிட்டு ரோட்டு வழியா முக்கா மைலு போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க.''

2004-ல் நான் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா காரியத்துக்கு அப்பா போகவில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மீதி வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. குழிக்கு அடியில் அரை அடி ஜல்லி. அதன் மேல் கால். குழிக்கு 80 பவுண்டு மூட்டை இரண்டு. மணல், ஜல்லி, சிமென்ட் எல்லாம் கலந்தே வருகிறது, ரவா உப்புமா மிக்ஸ் மாதிரி; தண்ணீர் மட்டும் நம்முடையது. ஒரு காலை நட்டு, அதன் துவாரத்தில் குறுக்குக் குழலைச் செருகி, மறுமுனையில் அடுத்த காலை மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகுதான் அதற்குக் கான்கிரீட். எல்லாக் காலையும் முதலிலேயே நட்டுவிட்டால் குழல் உள்ளே போகாது. இதை நாங்கள் இரண்டாவது காலில் பட்டுத் தெரிந்துகொண்டோம். குழலைத் துவாரத்துக்குள் இறுக்கி அடிக்கவும் கூடாது. ஜனவரிக் குளிருக்கும் ஜூலை வெயிலுக்கும் எட்டடிக் குழல் ஏறத்தாழக் கால் அங்குலம் சுருங்கி நீளும். இடம் விடாவிட்டால் வயிறு தள்ளிக்கொண்டு வளையும். ''தண்டவாளத்துக்கு உடறாப்பல'' என்றார் அப்பா.

ஏழாவது குழியை மட்டும் நான் தனியாகத் தோண்டினேன். இரண்டு பெரியவர்களும் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ''மூணு அடி ஆச்சா?'' என்று அங்கிருந்தே குரல் வந்தது. ''ஆச்சுங்கப்பா!'' என்றேன்.

அடுத்த சனி, ஞாயிறில் பலகைகளும் ஏறின. எட்டுக் கால், ஏழு தட்டி, ஒரு மூலையில் எட்டடிக் கடவு. மீந்த ஒரு தட்டியையும் ஒரு காலையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளை வெளேர் என்று, கல்யாண வீட்டு வேட்டி காயப் போட்ட மாதிரி நின்றது வேலி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எனக்காகவே போட்ட வேலி மறைவில் அப்பா நிம்மதியாகக் குளிக்கட்டும் என்று, புது ரப்பர் குழாய் ஒன்று வாங்கி மாட்டி வைத்திருந்தேன். அவர் கடவு வழியாகப் போய்த் தொப்பிக்காரரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். பிறகு உள்ளே போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். அக்டோபரில் விமானம் ஏறுகிறவரை அவர் வெளியே குளிக்கவில்லை. ஒரு நாள்கூட இல்லை. வீட்டுக்காரி சொல்லிப் பார்த்தாள்; நானும் சொல்லிப் பார்த்தேன். ''உள்ளார சுடுதண்ணி வருதே, சௌகரியமா இருக்குது'' என்று சொல்லிவிட்டார்.

2024 மார்ச்சில், பனியெல்லாம் உருகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில், ''அந்த வேலியக் கொஞ்சம் காட்டு'' என்றார். போனைத் திருப்பிக் காட்டிக்கொண்டே நடந்தேன். முதல் கால், இரண்டாவது கால்...

''நில்லு. அது எத்தனாவது?''

''ஏழுங்கப்பா.''

மற்ற ஏழும் சிப்பாய் மாதிரி நின்றன. ஏழாவது மட்டும் இரண்டு விரற்கடை மேலே எழும்பி, இரண்டு பக்கத் தட்டிகளும் கூரை மாதிரி சரிந்திருந்தன.

''அது ஆரு தோண்டினது?''

''நானுங்கப்பா.''

''எவ்வளவு ஆழம்?''

''ரெண்டேகால் அடிதானுங்கப்பா. அதுக்குக் கீழ கல்லு...''

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். திரையில் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

''நாய் எப்படியிருக்குது?'' என்றார் பிறகு.

''இருக்குதுங்க. இங்கதான் படுத்திருக்குது. அப்பா, மே மாசம் மறுபடி வாங்களேன். டிக்கெட் போடட்டுங்களா?''

''வர்றேன். அந்த ஏழாவது காலத் தோண்டி எடுத்து மூணு அடிக்கு இறக்கிப் போடு. கோணல் வேலிக்குள்ளாற நான் குளிக்க மாட்டேன்.''

கராஜுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தேன்.